மூன்றாம் கட்டில் மாரடைப்பு

மூன்றாம் கட்டில்காரருக்குக் காலையிலிருந்து ஆறு மாரடைப்பு வந்துவிட்டது. ஆறிலும் பிழைத்து, ஏழாவதுக்குப் படுத்திருந்தார்.

நர்சிங் கல்லூரியின் செய்முறைத் தேர்வு அது. நோயாளிகள் எல்லாரும் நடிக்க வந்தவர்கள். மூன்றாம் கட்டில்காரர் பழைய நாடக நடிகர். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுச் செத்தால் எவன் நம்புவான் என்று, காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வந்திருந்தார்.

ஏழாவதாக உள்ளே வந்த பெண்ணுக்கு வகுப்பில் வைத்த பெயர் ‘சந்தேகம்’. எதையும் இரண்டு தரம் பார்ப்பாள். அதிலேயே நேரம் போய் இரண்டு முறை தோற்றிருந்தாள். இந்த முறையும் கோட்டை விட்டால் வந்திருக்கும் வேலை உத்தரவு வெறும் காகிதம்தான்.

முதல் கட்டிலில் கட்டுப்போட்ட காலோடு ஒருவன் ஊரைக் கூட்டினான். “ஐயோ, செத்தேன்க்கா!”

“இவ்வளவு கத்த மூச்சு இருக்குல்ல? அப்ப கொஞ்சம் பொறு தம்பி.”

இரண்டாம் கட்டில்காரருக்கு மூச்சுத்திணறல். ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்சிஜன் மாட்டினாள். தேர்வு நடத்தும் மேடம் மதிப்பெண்ணை அள்ளிப் போட்டார்.

மூன்றாம் கட்டிலில் நடிகர் வியர்த்துக் கொட்டினார். கை வெடவெடத்தது.

“ஐயா, எங்க வலிக்குது?”

“திரையை இறக்குடா… குதிரை வருது…”

“அடேயப்பா! என்னமா நடிக்கிறார் மனுஷன்!” மேடம் சொக்கிப் போனார்.

அவள் அவர் நெற்றியைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. ஊசியை எடுத்து அவர் விரலைப் பிடித்தாள். “சர்க்கரை பார்க்கணும் மேடம்.”

“ஏய்! நடிக்கிறவங்களைக் குத்தக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது? எதுவா இருந்தாலும் வாயால சொன்னாப் போதும்!” ஊசி பறிபோனது.

“ஐயா, இந்தத் தண்ணியை முழுங்குங்க பார்ப்போம்.” ஒரு வாய் ஒழுங்காக இறங்கியது. உடனே குளுக்கோஸைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

“மாரடைப்புக்காரருக்கு ஜூஸ் கடையா போட்டிருக்கே?” மேடம் தாளில் பெரிய முட்டையாகப் போட்டார். “கிளம்பு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.”

அவள் நகரவில்லை. கண்ணீர் ஒருபக்கம் ஓட, அவர் நாடியைப் பிடித்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் மேடத்தின் வசவும் ஓயவில்லை.

நடிகர் மெல்லக் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்து திருதிருவென விழித்தார். பிறகு அவசரமாகச் சட்டையைச் சரிசெய்துகொண்டு படுத்தார்.

“அட, நீ எப்பம்மா வந்தே? இரு, இனிமேதான் எனக்கு நெஞ்சுவலி!”