மேரிக்கு எத்தனை கை?

"பைத்தியத்தைப் பைத்தியம்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றதாம்?" என்று கத்தினான், மூன்றாவது வரிசையில் இருந்த வழுக்கைத்தலை ஆள்.

லோரெட்டாவுக்குச் சுரீரென்றது. இல்லினாய்ஸின் அந்தச் சின்ன ஊர் நூலகத்தில், லிங்கன் பிறந்த நாள் நிகழ்ச்சியை வருஷா வருஷம் நடத்துகிறவள் அவள்தான். இந்த வருஷம் மேடையில், கறுப்புப் பட்டுக் கவுனும் தொப்பியுமாக வெர்னா. ஜனாதிபதி லிங்கனின் மனைவி மேரியாக நடித்து முடித்திருந்தாள். பெற்ற மகனே கோர்ட்டுக்கு இழுத்து, மனநலக் காப்பகத்தில் அடைத்தானே, அந்த மேரி.

நாடகம் முடிந்ததும் கூட்டம் கேள்வி கேட்கலாம். தலையில் தொப்பி இருக்கும்வரை மேரியாகவேதான் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் கூட்டமே ஜூரி. மேரிக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது என்கிறவர்கள் கை தூக்குவார்கள். அந்தக் கைகளுக்காகத்தான் வெர்னா இந்த வயசில் இத்தனை பாடுபட்டாள்.

அதைக் கெடுப்பதற்கென்றே வந்திருந்தான் இந்த ஆள்.

"ஒரே மாதிரி கையுறையா வாங்கிக் குவிச்சீங்களே, மிஸஸ் லிங்கன்?"

"என் கை, என் காசு. உனக்கு எங்க வலிக்குது?"

கூட்டம் சிரித்தது. அவன் விடவில்லை.

"செத்துப்போன புருஷனோட ராத்திரியெல்லாம் பேசினீங்களே?"

"உயிரோட இருக்கிறவங்க யாரும் பேச வரலியே!"

"கேஸ் அடுப்பை அணைக்காமத் தூங்கினீங்களே. வீடு எரிஞ்சிருந்தா?"

பின்வரிசை கொல்லென்று சிரித்தது. மேரி வீட்டில் ஏது கேஸ் அடுப்பு? சரித்திரம் தெரியாத தடியன் என்று லோரெட்டா பல்லைக் கடித்தாள். வெர்னா மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்."

அபத்தமான கேள்வியையும் எப்படிச் சமாளிக்கிறாள் பார் என்று லோரெட்டா பூரித்துப்போனாள்.

"உங்க மகன் உங்க நல்லதுக்குத்தானே செஞ்சான்?"

"என் நல்லதுக்கா?" வெர்னாவின் குரல் உடைந்தது. "அறைக்குள்ள நான். சாவி அவன் பையில. யாருக்கு நல்லது?"

இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். லோரெட்டா தீர்ப்பு கேட்டாள். அரங்கம் முழுக்கக் கைகள் எழுந்தன, அவனுடையதைத் தவிர.

"நடிப்பைப் பார்த்து ஏமாறுதுங்க, முட்டாள் ஜனம்!" என்று நாற்காலியை எட்டி உதைத்தான்.

லோரெட்டாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"யாரு சார் நீங்க? ஒரு வயசான பொம்பளையை இப்படியா வதைப்பீங்க? வெளியே போங்க, இல்லேன்னா போலீஸைக் கூப்பிடுவேன்!"

மேடையில் வெர்னா நிதானமாகத் தொப்பியைக் கழற்றினாள்.

"விடு லோரெட்டா. நாளைக்குக் கோர்ட்டுல இதே கேள்வியைத்தான் கேக்கப் போறான், என் மகன்."