ஒரு ஃபைல்கூடப் போகவில்லை

“சில சமயம் எல்லாமே அழிஞ்சு போயிடறதும் உண்டாமே?” ஜெயலக்ஷ்மி மாமி மறுபடியும் கேட்டாள். கேட்டுவிட்டுப் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள்.

கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த சிபி நிமிர்ந்தான். “உண்டு மாமி. சூட்சிச்சு, கவனமாச் செய்யலைன்னா அப்படி ஆவும். நான் பதுக்க, மெதுவாத்தான் செய்வேன். பேடிக்காதீங்க.”

சொன்னானே தவிர, பயந்துகொண்டிருந்தவன் அவன்தான். போன வாரம் கரமனையில், வடிவம்மாள் என்கிற அம்மாள் வீட்டில் இதே வேலை. இருக்கிற விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்துக்கும் இடம் பிரித்துத் தர வேண்டும். அவசரத்தில் தப்பான இடத்தைக் காட்டி ‘ஓகே’ கொடுத்துவிட்டான். அந்த வீட்டுக் கல்யாண போட்டோக்கள் அத்தனையும் போயே போய்விட்டன.

தம்பானூர்க் கடை முதலாளி அதிகம் திட்டவில்லை. “இனி ஒரு பராதி வந்தா நீ வேற கடை நோக்கிக்கோ” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அப்படியிருக்க, கிழக்கேகோட்டை அக்ரஹாரத்திலிருந்து கடைக்குப் போன் செய்த இந்த மாமி, சிபி என்பவர்தான் வர வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். யாரோ ஒரு புண்ணியவான் தன்னைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று சிபி உருகிப் போனான்.

“லினக்ஸ் ஆருக்கு மாமி?”

“மாமாவுக்குத்தான். ஆபீஸ்ல எல்லாரும் அதுக்கு மாறப்போறாளாம். ஆத்துலயும் இருந்தா பழகிக்கலாமே. ஒண்ணும் போகாதுன்னு சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வச்சேன்.”

மேஜைக்கு மேலே சந்தன மாலை போட்ட ஒரு பையனின் படம் தொங்கியது. சிபி அதைப் பார்ப்பதை மாமியும் பார்த்தாள்.

“எங்க அனந்து. இது அவனோட கம்ப்யூட்டராக்கும். பைக்ல போனவன் திரும்பி வரல்லை. இந்த ஓணம் வந்தா ரெண்டு வருஷம். அவன் போட்டோ, பாடினது, பேசினது எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு.”

கல்யாண போட்டோ போனால் உறவுக்காரர்களிடம் நாலு பிரதியாவது மிச்சமிருக்கும். செத்துப்போன பிள்ளையின் குரலுக்கு எங்கே போவது? கர்த்தாவே, இந்த ஒரு வேலையில் மட்டும் என்னைக் கைவிட்டுவிடாதே என்று மனசுக்குள் ஜெபித்தான்.

பையிலிருந்து வேறொரு ஹார்ட் டிஸ்கை எடுத்தான். “முதல்ல இதுல காப்பி எடுத்து வைக்கேன்.”

“அதெல்லாம் எதுக்கு? நாழியாகுமே. நேரே போட்டுடுங்கோளேன்.”

“நேரம் ஆனாலும் சாரமில்லை மாமி.”

கடையில் இருந்ததே அந்தப் பழைய டிஸ்க் ஒன்றுதான். அதில் போட்டோக்கள் ஏறின. பாட்டுக்கும் பேச்சுக்கும் இடம் போதவில்லை. சிதறிக் கிடந்தவற்றையெல்லாம் ஒருபுறமாக ஒதுக்கி, காலி இடத்தை மட்டும் லினக்ஸுக்கு வெட்டிக்கொடுக்கும் வேலையைத் தொடங்கினான். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் அம்பேல். அந்த வீட்டு யூ.பி.எஸ். என்றைக்கோ செத்திருந்தது.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. “மிக்ஸி போடட்டுமா? சிலப்போ ஃபியூஸ் போயிடும் இந்த ஆத்துல.”

சிபி எழுந்தே விட்டான். “ஐயோ, வேண்டாம் மாமி. இது முடியட்டும்.”

அடுக்களையில் சத்தமே இல்லை. கேட்டுவிட்டுச் செய்கிற மனுஷி வாய்த்தாளே என்று அவனுக்குப் பெரிய ஆறுதல்.

வேலை முடிகிற நேரத்தில் பட்டாபி மாமா ஆபீஸிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றியவர் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே சிபியிடம் வந்து, “இருக்கோல்லியோ?” என்றார்.

சிபி கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டான். திரையில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு பெயர்கள் வந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு பழையதைத் தேர்ந்தெடுத்தான். விண்டோஸ் திறக்கும்போது வழக்கமாக வரும் ஓசைக்குப் பதிலாக ஒரு பையனின் குரல் வந்தது. அனந்து விளையாட்டாகப் பதிந்து வைத்துவிட்டுப் போனது.

“அப்பா, வந்தாச்சா?”

“வந்தாச்சுடா” என்றார் பட்டாபி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாமி கொண்டுவந்து வைத்த காப்பியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சிபிக்குக் கண் கலங்கிவிட்டது. வாசல்வரை வந்த மாமியிடம், “ஒரு ஃபைல்கூடப் போகல்லை மாமி. கடைக்கு விளிச்சு, முதலாளிகிட்ட நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றான்.

மாமி உள்ளே பார்த்தாள். “இனி படுக்கற வரைக்கும் அங்கேதான். ரெண்டு வருஷமா அவர் அவனோட மட்டுந்தான் பேசறார். நான் ஒருத்தி உசிரோட இருக்கறது அவருக்கு ஞாபகமில்லை.”

மாமி முகத்தைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“வடிவம்மாள் வீட்டுல எல்லாத்தையும் அழிச்சவர்னு நம்பித்தானே உங்களைக் கூப்பிட்டேன்.”