கிணறு மறைத்த பொந்து

எண்ணெய்க்காகத் தோண்டிய அந்தக் கிணற்றின் சுவர், பாதி ஆழத்தில் பொந்தாகச் சரிந்திருந்தது. வெட்கத்தில் கிணறு அதை யாரிடமும் சொல்லவில்லை.

உள்ளே இறங்கி நின்ற இரும்புக் குழாய் கேட்டது: "நமக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை அடைக்கத்தான் மேலே சிமெண்ட் கணக்குப் போடறாங்க. எங்கேயாவது சரிஞ்சிருந்தா இப்பவே சொல்லிடு."

"ஒண்ணுமில்லை. சீராத்தான் இருக்கேன்," என்றது கிணறு.

கணக்குப்படி சிமெண்ட் வந்தது. அடியிலிருந்து குழாயைச் சுற்றி ஏறியது. வழியில் பொந்தை நிரப்பியதும் தீர்ந்துபோனது. மேலே சிமெண்ட் எட்டாமல் வெறுமனே நின்ற குழாயின் பக்கத்தில், பாறையிலிருந்து வாயு சீறத் தொடங்கியது.

"உன்னை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க," என்றது குழாய். "நாலு மூட்டை கூடக் கலந்திருப்பாங்க, அவ்வளவுதான்."

கிணறு உண்மையைச் சொல்ல வாயெடுத்தது. அதற்குள் சிமெண்ட் இறுகிவிட்டது.