கடைமடைக்கு வந்த வானம்

ட்ரோன் எடுத்த வீடியோவில், மடிக்கணினித் திரையில் அம்சத்தின் வயல் வந்தபோது அதில் நெல் இல்லை, வரப்பு இல்லை. முக்கால்வாசி வானம் இருந்தது. அடியில் பக்கத்து ஊர்த் தென்னந்தோப்பு.

“பாருங்க, எவ்வளவு பச்சையா இருக்கு! உங்க வயலுக்கு ஒண்ணும் ஆகலம்மா” என்றார் வேளாண்மை அலுவலர் பஞ்சநதம், சுகப்பிரசவம் என்று சொல்ல வந்த டாக்டரைப் போல.

அம்சம் திரையில் தன் வயலைத் தேடினாள்.

குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கர். நட்டு நாற்பது நாளான சம்பா, ஆறு நாளாக மழைத் தண்ணீரில் அழுகிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு எழுதும் பட்டியலில் பெயர் ஏறாவிட்டால் நிவாரணம் இல்லை, மறுநடவுக்கு வழியும் இல்லை.

மற்றவர்களின் வயல்கள் விழுந்த படத்தைக் குறை சொல்ல முடியாது. வாய்க்கால் தலைப்பில் இருக்கும் இராஜாங்கத்தின் வயலை ட்ரோன் நேர் மேலே நின்று, ஒரு குத்து நாற்று விடாமல் பார்த்திருந்தது. அடுத்த வயலைக் கொஞ்சம் சாய்வாகப் பார்த்தது. அதற்கடுத்த வயலை இன்னும் சாய்வாக. இப்படித் தலையைத் தூக்கிக்கொண்டே வந்த கேமரா, வாய்க்கால் முடியும் கடைமடையில் கிடக்கும் அம்சத்தின் வயலுக்கு வந்து சேர்ந்தபோது யாரையும் குனிந்து பார்க்காத பெரிய மனுஷர் ஆகிவிட்டது.

ஏன் இப்படி என்று ட்ரோன் ஓட்டும் கயல்விழிக்குப் புரிந்துவிட்டது. பாதையைப் புள்ளி புள்ளியாகச் செயலியில் போட்டவள் அவள்தான். முதல் புள்ளியில் கேமரா நேர் கீழே பார்க்க வேண்டும். கடைசிப் புள்ளியில் நேர் எதிரே பார்க்க வேண்டும், ஏனென்றால் வீடியோ முடியும் இடத்தில் தன் முகம் விழ வேண்டும் என்று பஞ்சநதம் சார் ஆசைப்பட்டார். நடுவில் எங்கே பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. கேமராவே கணக்குப் போட்டு வயலுக்கு வயல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்திருக்கிறது.

“என் தப்புதான் சார். எல்லாப் புள்ளியிலயும் கீழ பாக்கச் சொல்லி இன்னொரு தடவ ஏத்திடுறேன்.”

ஊருக்கு ஒரு தடவைதான் அனுமதி என்றார் பஞ்சநதம்.

“அப்ப நீங்களே பாத்து எழுதுங்க சார்” என்றாள் அம்சம்.

பஞ்சநதம் சிரித்தார். மனுஷன் பார்த்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்று வந்துவிடுமாம். மெஷினுக்கு அதெல்லாம் கிடையாதாம். சொல்லிக்கொண்டே ‘பாதிப்பு இல்லை’ என்று தட்டினார். மடிக்கணினியை மூடினார்.

கயல்விழி தலையைக் குனிந்துகொண்டு பேட்டரியை மாற்றினாள்.

சாலையில் ஜீப் காத்திருந்தது. பஞ்சநதம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். நாற்காலியும் மேசையும் போட்டிருந்த டிராக்டர் டிரெய்லரின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலை மட்டும் இறக்கி ஆழம் பார்த்தார். டிராக்டர் மதியத்திலிருந்தே அம்சத்தின் வயலில் அச்சு வரை புதைந்து நகராமல் கிடந்தது. சுற்றிலும் தண்ணீர். எது வரப்பு, எது வயல் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“கையக் குடும்மா. வரப்பு எங்கன்னு தெரியல.”

அம்சம் கை கொடுத்தாள். பத்தடி தூரம் பத்திரமாக நடத்திக் கூட்டிப்போனாள். வரப்புக்கு அல்ல, வயலின் நடுவுக்கு. பஞ்சநதத்தின் தொடை நனைந்தது. சேற்றில் இறங்கிய கால் திரும்ப வரவில்லை.

பிடித்த கையை விடாமல் அவள் டிரெய்லரில் இருந்த கயல்விழி பக்கம் திரும்பினாள்.

“பாப்பா, இப்ப ஏத்து. கேமராவ நேர் கீழ வையி. சார் அசைய மாட்டாரு.”