வயிறு நிறைய ஒரு வேண்டுதல்

பிள்ளையின் தட்டிலிருந்து சோறு களவு போவதைக் குமுதா தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டாள்.

எடுத்தது வேறு யாருமில்லை, காப்பகத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இருளாயிதான். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும், நாலைந்து தட்டுகளிலிருந்து மளமளவென்று சோற்றை அள்ளிச் சட்டியில் போட்டு, துண்டால் மூடிக்கொண்டு குசினிப் பக்கம் நழுவினாள்.

குமுதா கையில் பாயாசக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

சும்மா கொண்டுவந்த சோறா அது? மகன் மகேந்திரனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தால், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குத் தன் கையால் சமைத்து வயிறு நிறையப் போடுவதாகக் கல்லுமலை முருகனிடம் வேண்டியிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது. முருகன் தன் பங்கை முடித்துவிட்டார், இனி பாக்கி இவள் பங்குதான்.

அதற்காகவே தீபாவளிக்கு முந்தின ஞாயிறாகப் பார்த்து, விடியுமுன் எழுந்து சமைத்து, குனோங் ராபாட்டிலிருந்து கோயில் மாதர் குழுவோடு வேனில் வந்திருந்தாள். செம்பனை மரங்களுக்கு நடுவே பழைய ரப்பர் தோட்டத்துத் துரை பங்களா. இப்போது அதுதான் காப்பகம். அங்கே சில பிள்ளைகளுக்குப் பேச்சு வராது, சிலருக்கு நடை வராது. பெற்றவர்கள் யாரும் வருவதில்லை.

முன்வரிசையில் ஷர்மினி. பதினைந்து வயதிருக்கும். டவுன் சின்ட்ரோம் என்றார்கள். கன்னம் ஒட்டி, கண் சொருகி, சாம்பார் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமுதாவுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

“என் மகனுக்காக வேண்டிக்கிட்டதும்மா. நீ வயிறு நிறையச் சாப்பிட்டாத்தான் ஆண்ட்டிக்கு மனசு நிறையும்.”

ஷர்மினி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சாப்பிட்டாள். தட்டை மறுபடியும் நீட்டினாள். அப்புறம் இன்னொரு தடவையும்.

படம் எடுக்கும் பொறுப்பில் இருந்த புஷ்பலதா, கைப்பேசியோடு குனிந்தாள். “பாவங்க்கா, இந்த மூஞ்சியப் பாருங்க. எத்தன நாள் பட்டினியோ. இதத்தான் முதல்ல குரூப்புல போடணும்.”

படம் எடுத்து முடியும்வரை ஷர்மினி அசையவில்லை. பிறகு, “ஓகேவா ஆண்ட்டி?” என்றாள். என்ன மரியாதை தெரிந்த பிள்ளை என்று புஷ்பலதா உருகிப்போனாள்.

அந்த நேரத்தில்தான் இந்தக் களவு.

குமுதா அவள் காதோடு விஷயத்தைச் சொன்னதும், வீட்டுக்குப் பொட்டலம் கட்டித் தாப்பாவ் பண்ணுகிறாள் போல, வீடியோ எடுத்து ஊருக்கே அனுப்பிவிடலாம் என்றாள் புஷ்பலதா. குமுதா அவளைத் தடுத்துவிட்டுத் தானே கிளம்பினாள். முருகா, கோபத்தில் வாய் தவறி ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நடந்தாள். குசினி வாசலில் வேண்டுதல் நின்றுவிட்டது, கோபம் மட்டும் உள்ளே போனது.

“பிள்ளைங்க வாயிலேருந்து பிடுங்கிட்டு வர்றியே, உனக்கே நல்லா இருக்கா?”

இருளாயி திடுக்கிடவில்லை. ஐஸ் பெட்டிக் கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டிருந்தாள். கதவு மூடுவேனா என்றது. உள்ளே சட்டிக்கு மேல் சட்டி. வெளியே மேசையில் பாதி கேக், அதன் பக்கத்தில் இன்னொரு பாதி கேக்.

“கோச்சுக்காதீங்கக்கா, இப்படி உக்காருங்க.” குசினிக் கதவுக்குப் பின்னால் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டாள். “காலையிலேயே ஒரு குடும்பம், பெர்த்டேன்னு நாசி லெமாக்கும் கேக்கும் கொண்டாந்தாங்க. அப்புறம் ஒரு கம்பெனி, மீ கோரேங். அவங்களும் கேக். உங்களுக்குச் சத்த முன்னாடி தெலுக் இந்தான்லேருந்து ஒரு சங்கம், பிரியாணி. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு வந்தா எல்லாருக்கும் எங்க ஞாபகம் வந்துரும்லா. போன வருசம் பிள்ளைங்களுக்கெல்லாம் ஒரே வாந்தி. அதான், ஆளுங்க பாக்காதப்ப கொஞ்சம் கொஞ்சமா எடுத்துருவேன்.”

“எங்ககிட்ட வேணாம்னு சொல்லியிருக்கலாமே?”

“நான் சொல்லிருவேன்க்கா. பிள்ளைங்கதான் விடமாட்டேங்குது. ஆசையா தூக்கிட்டு வந்தவங்க முகம் வாடிருமாம். இந்த ஷர்மினி தட்டத் தொடவே விடல. ‘அந்த ஆண்ட்டிக்கு வேண்டுதல்க்கா’ன்னுச்சு.”

குமுதா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குரல் இறங்கிப்போனது.

“அப்ப என் வேண்டுதல்? வயிறு நிறையப் போடுறதா சாமிகிட்டச் சொல்லியிருக்கேனே.”

“வயிறு நிறைஞ்சுதான்க்கா இருக்கு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே நிறைஞ்சிருச்சு.” இருளாயி ஒருவழியாக ஐஸ் பெட்டியை மூடிவிட்டாள். “முருகன் பொறுத்துக்குவாரு. மார்ச் மாசம் ஒருநா வாங்க. அப்ப இங்க ஈ காக்கா எட்டிப் பாக்காது.”

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாவாடை நாடாவைத் தளர்த்தியபடி ஷர்மினி குசினிக்குள் ஓடிவந்தாள். பெரிதாய் ஒரு ஏப்பம். கதவுக்குப் பின்னால் இருந்த குமுதாவை அவள் கவனிக்கவில்லை. கன்னத்தை உள்ளே இழுத்து, கண்ணைச் சொருகிக்கொண்டு இருளாயி முன்னால் நின்றாள்.

“அக்கா, இன்னொரு வேன் வந்துருச்சு. பாவம், ரொம்பத் தூரத்துலேருந்து வர்றாங்க போல. பசி மூஞ்சி சரியா இருக்கா?”