செவ்வாய்க்கிழமை மூணு மணி

"கூட்டம் இனிமே செவ்வாய்க்கிழமைதோறும் மத்தியானம் மூணு மணிக்கு. தீர்மானம் பண்ணியாச்சு" என்றார் கல்யாணராமன்.

ஃபோன் திரையில் கட்டம் கட்டமாக இருந்த முகங்கள் சுருங்கின.

அன்றும் செவ்வாய்தான். ஊரில் ஹர்த்தால், ஆபீஸ் கடை எல்லாம் அடைப்பு. அதனால்தான் திருவனந்தபுரத்தில் தமிழில் கதை எழுதுகிற பத்துப் பேரும் ஒரே நேரத்தில் ஃபோனுக்கு முன்னால் உட்கார முடிந்தது. வாராவாரம் ஒருவர் கதையை எடுத்து ஆன்லைனில் பேசுவது என்று முடிவாகிவிட்டது. நாள் குறிப்பதுதான் பாக்கி. அதில் இப்படிக் கல்லைப் போட்டார், குழுவை நடத்துகிற கல்யாணராமன்.

"சாரே, செவ்வாய்க்கிழமை மத்தியானம் யாருக்கு ஒழிவு இருக்கும்? எல்லாரும் உங்களைப் போல பென்ஷன் வாங்கிட்டா இருக்கோம்?" என்றான் அபிஜித்.

"முடிஞ்சவா வரட்டும்."

"அங்கிள், நான் அந்த நேரம் பேங்க் கவுண்டர்ல இருப்பேனாக்கும்" என்றாள் ஜானவி. "கஸ்டமரை நிக்க வச்சிட்டு நான் கதை கேக்கட்டா? ஞாயித்துக்கிழமை வச்சா என்ன?"

"ஞாயித்துக்கிழமை வேண்டாம். செவ்வாய்தான் சரியா இருக்கும்."

"யாருக்கு சரியா இருக்கும்? உங்க மத்தியான உறக்கத்துக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணராமன் சிரிக்கவில்லை, இறங்கியும் வரவில்லை.

திரையின் ஒரு மூலையில், கேமராவை அணைத்துவிட்டு வெறும் பெயராக இருந்தாள் செல்லபாய். மடியில் பிள்ளை பாதி உறக்கத்தில் சிணுங்கியது. ஏழாவதோடு படிப்பை விட்டவள். பேங்க்காரியும் பென்ஷன் வாங்குகிற ஆபீசரும் பேசுகிற இடத்தில் மூச்சு விடவே கூச்சம். ஆனால் பெரியவர் சொன்ன நாளைக் கேட்டதும் நெஞ்சு குளிர்ந்தது.

வீட்டில் ஒரே ஃபோன். அதை அவள் புருஷன் செல்வகணேஷ் பழவங்காடி ஹோட்டலுக்குக் கொண்டு போய்விடுவான்; வந்தாலும் அது அவன் தலைமாட்டில்தான் கிடக்கும். பரோட்டா மாஸ்டர். செவ்வாய்தான் அவனுக்கு வார லீவு. அன்று மத்தியானம் அவன் உறங்குகிற நேரம்தான் அவள் கதை எழுதுகிற நேரம். குழுவுக்கு எழுதி அனுப்பியதைப் பற்றி நாலு பேர் பேசுவதை ஒரு தடவையாவது காதால் கேட்டுவிட வேண்டும். ஒன்றரை வருஷமாக அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான்.

அந்த மனுஷனுடைய சுயநலம் தனக்குச் சாதகமாக விழுந்ததே என்று நினைத்துக்கொண்டாள்.

"வாயே திறக்காதவங்களையும் கேப்போமே" என்றாள் ஜானவி. "செல்லபாய் அக்கா, நீங்க சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை உங்களுக்கும் கஷ்டந்தானே?"

"அவளை எதுக்கு இதுல இழுக்கறே? அவளைக் கேக்க வேண்டாம்" என்று வெடுக்கென்று குறுக்கிட்டார் கல்யாணராமன்.

செல்லபாய்க்குச் சுருக்கென்றது. தன்னை ஒரு ஆளாகவே இவர் எண்ணவில்லையே.

"பாத்தீங்களா, பேசவே விட மாட்டேங்கறார். நீங்க தைரியமா சொல்லுங்க அக்கா."

வீட்டில் ஃபோன் ஒன்றுதான், அதுவும் என்னுடையது இல்லை என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? ரோஷமும் வெட்கமுமாக நாக்கு புரண்டுவிட்டது.

"ஆமா... எனக்கும் கஷ்டந்தான்."

கல்யாணராமன் முதுகுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படியா" என்றார். "சரி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. முதல் வாரம் செல்லபாயோட கதை. எல்லாரும் படிச்சுட்டு வரணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். "சரி சார்" என்றாள் செல்லபாய். குரல் வெளியே போனதா என்று அவளுக்கே தெரியவில்லை.

புருஷன் எழுந்து காப்பி குடிக்கும்போது மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழம மட்டும் ஃபோன வச்சிட்டுப் போறியளா?"

"நல்லாருக்கே. பார்சல் ஆர்டர் பூரா இதுலதான் வருது. அன்னைக்குத்தான் கடையில கூட்டம். ஃபோன் இல்லாமப் போனா மொதலாளி மாவுக்குப் பதிலா என்னையப் போட்டு அடிப்பாரு" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அழுதாவது கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டியபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ஆரம்பித்திருப்பார்கள். இப்போது, கதையில் அந்தப் பெண் பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்துக்கு வந்திருப்பார்கள். ஏழு மணி ஆயிற்று. பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போட்டாள்.

வேலை முடிந்து வந்த செல்வகணேஷ், "ஒனக்க கூட்டுக்காரங்க நாலஞ்சு வாட்டி விளிச்சாங்க. கையெல்லாம் மாவு, எடுக்கல" என்றான்.

செவ்வாய் வந்தது. அவன் உறங்கியதும் ஃபோனை எடுத்தாள்.

'கதை எழுதின ஆளுக்கே அக்கறை இல்ல. நாம லீவு நாளைக் கெடுத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்' என்று குழுவில் அபிஜித் போட்டிருந்தான். அதற்குக் கீழே ஏழு கட்டை விரல்கள். கதையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கல்யாணராமன் தனியாக அனுப்பிய செய்தி ஒன்றும் இருந்தது. போன புதன்கிழமை காலையிலேயே வந்து, யாரும் திறக்காமல் கிடந்தது. அன்று தன் பேச்சைத் தட்டியதற்கு இவர் என்ன சொல்லிக் காட்டியிருக்கிறாரோ என்று பயந்துகொண்டேதான் திறந்தாள்.

'செல்லபாய், செவ்வாய்க்கிழமை தவிர வேற நாள்ல நீ கதை அனுப்பி நான் பாத்ததில்லே. அன்னிக்குத்தான் உனக்கு ஒழியும்னு நினைச்சு அந்த நாளைப் பிடிச்சுண்டு நின்னேன். காரணத்தை எல்லார் முன்னாலேயும் நீ சொல்லும்படி ஆயிடக் கூடாதேன்னுதான் உன்னைக் கேக்க வேண்டாம்னேன். என் ஊகம் தப்பாப் போச்சு, மன்னிச்சுக்கோம்மா.'