கடைசிப் பக்கத்து விடுகதை

மலைமேல் கிளென்மார்கன் அருகே ஒரு சிறு பள்ளியின் ஐந்தாம் வகுப்பில், பிற்பகல் வெயில் ஆசிரியரின் மேசை மீது மெல்லச் சாய்ந்திருக்கிறது. ‘எங்கள் மலை விடுகதைகள்’ என்று அட்டையில் எழுதிய நோட்டு அங்கே விரிந்து கிடக்கிறது. மற்ற எல்லாப் பிள்ளைகளுடைய விடுகதையும் அதில் ஏறிவிட்டது. சாதியாவுக்கான கடைசிப் பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அவள் எழுந்து, ஸ்வெட்டர் கையைச் சுருட்டியபடி, வீட்டில் கேட்டு வந்ததைச் சொல்கிறாள்: “கதவு தட்டாம வருவான், காலில்லாம நடப்பான், கையில புடிச்சாச் சிக்கமாட்டான்.” ஆசிரியர் சுடலைமணிக்குச் சங்கடமாகிறது. திருநெல்வேலியில் சிறுவயதில் அவரே விடை சொன்ன விடுகதை அது. “காத்துங்க சார்,” என்று முந்திக்கொள்கிறான் வினோத். “எல்லா ஊர்லயும் சொல்றதுதானுங்க. நம்ம மலை நோட்டுல எப்படிங்க சேரும்?” சாதியாவின் முகம் சிவக்கிறது. “எங்க ஊட்டுல விடை காத்து இல்லீங்க சார்.” “பொறவு யாரும்மா?” என்று அவர் பரிவாகக் கேட்கிறார். அவள் சன்னலைக் காட்டுகிறாள். தேயிலைச் சரிவில் ஏறி வந்த மூடுபனி, கம்பிகளுக்கு இடையே அனுமதி கேளாமல் நுழைகிறது. கரும்பலகை மறைகிறது, முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாய் மறைகின்றன. “வினோத்து, எங்கடா இருக்கற?” என்று யாரோ கேட்க, “விடைக்குள்ள இருக்கேன்,” என்று வெண்மைக்குள்ளிருந்து அவன் குரல் வருகிறது. வகுப்பே சிரிக்கிறது, ஆசிரியரும்தான். கடைசிப் பக்கத்தில் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். நோட்டுத்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. விடை சற்று விலகட்டும் என்று பொறுமையாகக் காத்திருக்கிறார்.